பூஜ்யத்தினிடம் கடன் கேட்கலாமா?

சென்ற வாரம் தபாலில் வந்த கடிதங்களில் ஒன்று நம்மை இரண்டு நாள் நிம்மதியாக இருக்கவிடவில்லை. எழுதியவர் ஒரு தாயார். அவருடைய பெண் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள், வயது எட்டு. பாட்டு, கதை, கோலம் எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. கூட்டல் கணக்குத் தப்பாமல் போடுவாள். கழித்தலிலும், 85-லிருந்து 47 போனால் 38 என்று தயங்காமல் சொல்வாள். ஆனால் மேல் எண்ணில் பூஜ்யங்கள் வந்துவிட்டால் மட்டும் குழந்தை திகைத்துப் போகிறாளாம். 500-லிருந்து 237-ஐக் கழிக்கச் சொன்னதற்கு 173 என்று எழுதினாள். தகப்பனார், "கவனம் போதவில்லை, ஐம்பது தரம் போடு" என்று உத்தரவிட்டார். பெண்ணும் கண்ணைத் துடைத்துக் கொண்டே ஐம்பது தரம் போட்டாள். ஐம்பது தரமும் 173!

தாயார் கடிதத்தை இவ்வாறு முடித்திருந்தார்: "இப்பொழுது அவள், 'எனக்குக் கணக்கு வராது, அம்மா' என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். கணக்கு வராவிட்டால் போகட்டும். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை."

அந்தத் தகப்பனாருக்கு முதலில் ஒரு வார்த்தை. ஐம்பது தரமும் ஒரே விடை வந்திருக்கும்போது அதைக் கவனக் குறைவு என்று சொல்லலாமா? கவனம் இல்லாத குழந்தை ஒரு தரம் 173 என்று எழுதும். மறு தரம் 264 என்று எழுதும். மூன்றாம் தரம் தற்செயலாகச் சரியான விடையையே எழுதிவிட்டாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஐம்பது தரமும் பிசகாமல் ஒரே தவறு வருகிறதென்றால், குழந்தை ஏதோ ஒரு விதியை வெகு சிரத்தையுடன் அனுசரித்து வருகிறாள் என்றுதான் அர்த்தம். பிசகு விதியிலே இருக்கிறது. குழந்தையின் கவனத்தில் இல்லை. அந்த விதியை அவளுக்குக் கொடுத்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

இதைப் பரீட்சித்துப் பார்த்துவிடுவோம் என்று, அதே கணக்கை நம் வகுப்புக் கரும்பலகையில் எழுதினோம். சரியான விடை 263. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதைப் போட்டுவிட்டார்கள். மற்றவர்களுடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தபோது நான்கு விதமான விடைகள் இருந்தன: 337, 300, 363, 173. தவறு செய்தவர்களைத் தனித் தனியே அருகில் அழைத்து, "எப்படிப் போட்டாய்?" என்று மட்டும் கேட்டோம். கோபமின்றிக் கேட்டதால் பயமின்றிச் சொன்னார்கள்.

337 என்று எழுதிய பையன் சொன்னான்: "பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது, ஸார். அதனால் ஏழிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தேன்." பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலே அவனுக்கு நாமேதான் சொல்லி வைத்தோம். அவன் அதை மறக்கவில்லை.

300 என்று எழுதியவன் ஒரு சிறு வேதாந்தி. "ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து எதை எடுப்பது? எடுக்க முடியாது. அதனால் அங்கே ஒன்றுமில்லை" என்றான். இதற்கு உடனே பதில் சொல்ல நமக்கே தெரியவில்லை.

363 என்று எழுதிய பெண், "நடுப் பூஜ்யம் ஒன்பது ஆகும், கடைசிப் பூஜ்யம் பத்து ஆகும் என்று சொல்லிக் கொடுத்தீர்களே" என்றாள். வாஸ்தவம், சொல்லிக் கொடுத்தோம். ஒன்பதும் பத்தும் அவள் நினைவில் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பது இல்லை. ஆகையால் முன்னால் இருந்த 5 குறையாமல் 5 ஆகவே நின்றது. நூறு ரூபாய் ஆகாயத்திலிருந்து குதித்துவிட்டது!

173 என்று எழுதிய பையன், "பக்கத்து வீட்டில் பூஜ்யம், அவரிடம் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த வீட்டில் ஐந்து இருந்தது. அங்கே ஒன்று கடன் வாங்கினேன், பத்தாயிற்று. நடு இடத்துக்கும் அங்கேயே இன்னொன்று வாங்கினேன்" என்றான். பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று கதை சொன்னது நாம். பக்கத்து வீட்டுக்காரர் ஏழையாயிருந்தால் என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டதும் நாமேதான். குழந்தை தன் புத்திக்கு எட்டிய வழியில் கதையைத் தொடர்ந்து நடத்திவிட்டான்.

நான்கு விடைகளும் தவறு. ஆனால் நான்குக்கும் காரணம் இருக்கிறது. இது நம் வகுப்பில் மட்டும் காணும் அதிசயம் அல்ல. அமெரிக்காவில் ஜான் ஸீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், பிள்ளைகளின் கழித்தல் தவறுகளில் மிகப் பல இம்மாதிரி ஒழுங்கான தவறுகளே என்று காட்டினார்கள். குழந்தை எந்தப் பிசகான விதியைக் கைக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அடுத்த கணக்கில் அது என்ன விடை எழுதும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவ்விதம் அவர்கள் தொகுத்த தவறுகளின் ஜாபிதாவில் பூஜ்யத்தைத் தாண்டிக் கடன் வாங்கும் இடத்தில் நேர்பவை ஏராளம்.

இவ்விடத்தில் நம்முடைய தப்பு ஒன்றையும் ஒப்புக் கொள்ள வேண்டியிருக்கிறது. சுமார் இருபது வருஷங்களுக்கு முன், நாம் உத்தியோகத்துக்குப் புதிது. வகுப்பில் ஒரு பையன் பூஜ்யம் வந்த கணக்குகளிலெல்லாம் தவறு செய்தான். நான்கு தடவை அவன் நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையினால் "கவனக் குறைவு" என்று எழுதினோம். அவன் எழுதிய விடை என்ன என்பது இப்போது நினைவில் இல்லை, பார்த்திருந்தால்தானே நினைவிருக்கும்! நாம் எழுதிய இரண்டு வார்த்தைகள் மாத்திரம் நினைவிருக்கின்றன. அந்த வருஷத்துக்குள் அவன் கணக்கு வகுப்பில் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டான். நல்ல வேளையாக, அடங்கிவிட்டான் என்று நாம் சந்தோஷப்பட்டோம்.

நிற்க. இந்தக் கழித்தலில் உள்ள சங்கடத்துக்கு மூலகாரணம் "கடன்" என்ற வார்த்தைதான் என்று நமக்குத் தோன்றுகிறது. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் வகுப்பிலேயே ஒரு சிறுமி, "எப்போது ஸார் திருப்பித் தருவது?" என்று கேட்டிருக்கிறாள். கணக்கு முடிந்துவிட்டது, கடன் வாங்கியவர் கொடுத்தவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இது கடன் அல்ல என்பதைக் குழந்தையே கண்டுகொண்டுவிட்டாள்.

கணித சாஸ்திரத்தில் கடனுக்கு உரிய இடம் வேறே இருக்கிறது. கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் இயற்றிய பிராஹ்மஸ்புட ஸித்தாந்தத்தில் பூஜ்யத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் வகுத்திருக்கிறார். நாம் கையில் வைத்திருக்கும் எண்ணுக்கு "தனம்" என்றும், பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்ட எண்ணுக்கு "ருணம்" என்றும் பெயர். ருணம் என்றால் கடன். பூஜ்யத்திலிருந்து தனத்தைக் கழித்தால் ருணம் வரும் என்பது அவருடைய விதி. கையில் ஒன்றுமில்லாதவன் ஏழு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தால் அவன் ஏழு ரூபாய் கடனாளி. அது உண்மையான கடன். ஆனால் நம் கணக்கில் இருப்பவரோ ஐந்நூறு ரூபாய்க்குச் சொந்தக்காரர். அவர் ஏன் கடன் வாங்க வேண்டும்? அவருக்கு வேண்டியது சில்லறை!

ஆம்; இது கடன் வாங்குதல் அல்ல, சில்லறை மாற்றுதல். இந்த ஒரு வார்த்தையை மாற்றிக் கொண்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது. மீதிப் பாதி பூஜ்யத்தைப் பற்றியது.

பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித் தனி அடையாளங்கள் உண்டு. ஐந்நூற்றிரண்டு என்பதை ஐந்து, நூறு, இரண்டு என்று மூன்று குறிகளால் ௫௱௨ என எழுதினார்கள். இல்லாத பத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஆகையால் பூஜ்யமும் வேண்டியிருக்கவில்லை. ஸ்தானத்தைக் கொண்டே மதிப்பைச் சொல்லும் முறையில், காலியான ஸ்தானத்துக்கும் ஒரு காவல்காரன் வேண்டும். இல்லாவிட்டால் 502 என்பது 52 ஆகிவிடும். குவாலியர்க் கோட்டையில் ஒரு சிறு கோயிலில் கி.பி. 876-ஆம் வருஷத்துச் சாஸனம் இருக்கிறது. அதில் 270, 50 என்ற எண்கள் இன்றைய முறைப்படியே பூஜ்யத்துடன் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பாரத தேசம் உலகத்துக்கு அளித்த இந்தச் சிறு வட்டத்துக்குத் தமிழில் "பூஜ்யம்" என்று பெயர் வழங்குவது பொருத்தமே; அந்த வார்த்தைக்குப் பூஜிக்கத் தக்கது என்று அர்த்தம். ஆனால் குழந்தைகளுக்கோ அதைப் "ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். 500-ல் உள்ள நடுப் பூஜ்யம் பத்துகளே கிடையாது என்று சொல்லவில்லை. தனியாக, உதிரியாகப் பத்துகள் இல்லை என்றுதான் சொல்கிறது. நூறுகளுக்குள்ளே கட்டுக் கட்டாக ஐம்பது பத்துகள் ஒளிந்திருக்கின்றன.

இதைக் குழந்தைக்கு எப்படிக் காட்டுவது? பெரிய உபகரணம் ஒன்றும் வேண்டாம். நாட்காட்டியில் கிழித்த பழைய தாள்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நூறு, பத்து, ஒன்று என்று எழுதிக் கொள்ளுங்கள். நூறு ஐந்து போதும். மற்றவை இருபது இருபது இருக்கட்டும். தாயார் பாங்கிக்காரர். பாங்கிக்கு ஒரே ஒரு நிபந்தனை: நூறு ஒன்றைக் கொடுத்தால் பத்துப் பத்துகள் கிடைக்கும், பத்து ஒன்றைக் கொடுத்தால் பத்து ஒன்றுகள் கிடைக்கும். நூறைக் கொடுத்து நேரே ஒன்றுகள் கேட்டால் கிடையாது. பாடம் முழுவதும் இந்த நிபந்தனைக்குள்ளே இருக்கிறது.

குழந்தையின் கையில் ஐந்து நூறுகளைக் கொடுத்து, மளிகைக் கடைக்காரருக்கு 237 ரூபாய் சரியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் ஏழு ஒன்றுகள் வேண்டும். கையில் ஒன்றுகள் இல்லை. பத்தை மாற்றலாமென்றால் பத்தும் இல்லை. ஆகையால் ஒரு நூறை மாற்றுகிறாள். இப்போது நான்கு நூறு, பத்துப் பத்து. இன்னும் ஒன்றுகள் வரவில்லையே! பத்தில் ஒன்றை மாற்றுகிறாள். நான்கு நூறு, ஒன்பது பத்து, பத்து ஒன்று.

இங்கே நிறுத்துங்கள். அவசரப்பட்டுக் கழிக்கச் சொல்ல வேண்டாம். "உன்னிடம் இப்போது மொத்தம் எவ்வளவு இருக்கிறது?" என்று கேளுங்கள். குழந்தை எண்ணிப் பார்ப்பாள். நானூறு, தொண்ணூறு, பத்து, ஐந்நூறு! ஒரு காசுகூடக் குறையவில்லை, கூடவும் இல்லை. இதைக் குழந்தை தானே எண்ணிக் கண்டுபிடிக்கும் நிமிஷம்தான் பாடத்தின் உயிர்நிலை. பிறகு 237-ஐக் கொடுத்துவிட்டால் மீதி இரண்டு நூறு, ஆறு பத்து, மூன்று ஒன்று. விடை 263.

அதன் பிறகே காகிதத்தில் எழுதச் சொல்ல வேண்டும். 5-ஐ அடித்து 4. நடுப் பூஜ்யத்தை அடித்து முதலில் 10, அதையும் அடித்து 9. கடைசிப் பூஜ்யத்தின்மேல் 10. நடுவில் எழுதும் அந்தப் பத்தைப் பெரியவர்களாகிய நாம் எழுதுவதில்லை. ஒரே தாவலில் ஒன்பது என்று போட்டுவிடுகிறோம். குழந்தை சில நாள் அதை எழுதட்டும். நோட்டுப் புத்தகம் அழகு கெட்டால் பாதகமில்லை.

அந்த ஒன்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதற்குப் பாட்டனார் காலத்துக் கணக்கே சாட்சி. 1957 ஏப்ரல் முதல் தேதியில் நூறு காசு முறை வருவதற்கு முன், ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஐந்து ரூபாயிலிருந்து 2 ரூபாய் 3 அணா 7 தம்பிடியைக் கழிக்க வேண்டுமானால், ஒரு ரூபாயை மாற்றிப் பதினாறு அணா; அதில் ஓர் அணாவை மாற்றிப் பன்னிரண்டு தம்பிடி. அதாவது 4 ரூபாய் 15 அணா 12 தம்பிடி. மீதி 2 ரூபாய் 12 அணா 5 தம்பிடி. அங்கே பூஜ்யம் ஒன்பதாகவில்லை, பதினைந்தாயிற்று! பத்தில் ஒன்று போனதால் ஒன்பது. பதினாறில் ஒன்று போனதால் பதினைந்து. அவ்வளவுதான் ரகசியம்.

இரண்டு பூஜ்யங்கள் நடுவில் வந்தால் இன்னும் ஒரு சுலப வழி உண்டு. 4003-லிருந்து 1258-ஐக் கழிக்க வேண்டும். (ஆயிரம் ரூபாய் நோட்டு 2016-ல் செல்லாமற் போய்விட்டது, ஆனால் நாட்காட்டித் தாளில் செய்து கொள்வதற்குத் தடையில்லை.) 4003-ல் கடைசி மூன்றை மூடிவிட்டுப் பாருங்கள். நானூறு தெரிகிறது, அதாவது நானூறு பத்துகள். அவற்றில் ஒரு பத்தை மாற்றினால் மீதி 399 பத்துகள், ஒன்றுகள் பதின்மூன்று. 13-ல் 8 போனால் 5. 399-ல் 125 போனால் 274. விடை 2745. நானூறுக்கு முன் எண் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்பது எண்ணத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். முதலில் ஒரு வாரம் காகித நோட்டுகளை மாற்றிப் பழகிய பிறகே இவ்வழியைக் காட்ட வேண்டும். முன்னதாகக் காட்டினால் இதுவும் இன்னொரு மந்திரமாகிவிடும்.

விடை சரிதானா என்று தெரிந்து கொள்ளத் தகப்பனாரிடம் ஓட வேண்டியதில்லை. கடைக்காரர் சில்லறை கொடுப்பதைக் குழந்தை பார்த்திருப்பாள். 237-க்கு ஐந்நூறு கொடுத்தால், மூன்று போட்டு 240 என்பார். அறுபது போட்டு 300 என்பார். இருநூறு போட்டு 500 என்பார். மூன்றும் அறுபதும் இருநூறும் 263. கழித்தலைக் கூட்டலால் சோதிப்பது இதுவே.

இம்முறைகளெல்லாம் காலத்தை விரயமாக்கும், வாய்பாடு போல் விதியை உருப்போடச் செய்வதே மேல் என்று எண்ணும் பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவில் வில்லியம் பிரௌனெல் என்பவரும் மோஸர் என்பவரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கற்பிப்பதைப் பற்றி ஆராய்ந்து 1949-ல் வெளியிட்டார்கள். ஒரே முறையைச் சில வகுப்புகளில் காரணம் விளக்கியும், சில வகுப்புகளில் விதியை மட்டும் சொல்லியும் கற்பித்துப் பார்த்தார்கள். நூறையும் பத்தையும் மாற்றிக் கழிக்கும் முறையைக் காரணத்துடன் கற்ற பிள்ளைகள், வெறும் விதியாகக் கற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். கற்றதைப் புதிய கணக்குகளிலும் கையாண்டார்கள்.

அந்தத் தாயாருக்கு இவற்றைச் சுருக்கமாக எழுதி, தபாலில் சேர்த்தோம். "173 தவறு என்று சொல்லாதீர்கள், அந்த விடையையே காகித நோட்டுகளால் நடத்திக் காட்டச் சொல்லுங்கள்" என்றும் எழுதினோம். நேற்றுப் பதில் வந்தது. பெண் ஒரு நூறைக் கொடுத்துப் பத்து ஒன்றுகளை வாங்க வந்தாளாம். பாங்கிக்காரர் நிபந்தனைப்படி மறுத்தார். பெண் சிறிது நேரம் கையிலிருந்த தாளையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா! நூறு கொடுத்துவிட்டுப் பத்துத்தான் வாங்கினேனா? மீதித் தொண்ணூறு எங்கே?" என்று கேட்டாள். 263-க்கும் 173-க்கும் வித்தியாசம் சரியாகத் தொண்ணூறுதான்! ஐம்பது தரம் எழுதியும் அகப்படாத தொண்ணூறு ரூபாய் ஒரு மாலைப் பொழுதில் அகப்பட்டுவிட்டது. மாலையில் தகப்பனார் வந்ததும் அவரைப் பாங்கிக்காரராக உட்கார வைத்து, அவருக்கும் பாடம் நடந்ததாம்.

பெற்றோர்களுக்கு நாம் வேண்டிக் கொள்வது இதுதான். இன்றைக்கு உங்கள் குழந்தை ஒரு கழித்தலைத் தவறாகப் போட்டால், சிவப்பு மையை எடுப்பதற்கு முன், "எப்படிப் போட்டாய்?" என்று ஒரு தரம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலைக் கடைசி வரையில் கேளுங்கள். இருபது வருஷத்துக்கு முன் நம்மிடம் படித்த அந்தப் பையனுக்கு இப்போது தன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வயது. இந்தப் பக்கம் அவன் கண்ணில் பட்டால், அவன் நோட்டுப் புத்தகத்தில் நாம் எழுதிய அந்த இரண்டு வார்த்தைகளையும் நம் பெயருக்கே மாற்றி எழுதிக் கொள்ளட்டும்.